ஆடிக் கூழும் பொடி எழுத்தும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆடி மாதம் குளிர்காலத்தில் வரும். கூழ் லேசில் புளிக்காது. ஆரணியில் என் அம்மா சாயங்காலம் கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தால், விடியற்காலையில் மூடியைத் திறக்கும்போதே வாசனை தெருவுக்குப் போய்விடும். இங்கே சாட்ஸ்வொர்த்தில் பெரியம்மா அண்டாவைப் பழைய கம்பளியால் சுற்றிச் சமையலறை மூலையில் வைத்து, இரண்டு ராத்திரி பச்சைக் குழந்தையைப் போலக் காவல் காக்கிறார். நடுராத்திரி எழுந்து மூடியை விலக்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் வரல" என்று முனகிக்கொண்டே போய்ப் படுக்கிறார்.

என் கணவரின் பெரியம்மா அவர். வயது 81. மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டத்து பாரக்ஸில் பிறந்தவர். 1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் இங்கே இறக்கப்பட்ட கரும்புக் கூலிகளின் வம்சம். ஐந்து தலைமுறை ஆகியும் அவர் பேச்சில் வட ஆற்காடு அப்படியே இருக்கிறது. "இன்னாம்மா", "இத்தினி", "சோறு ஆக்கு". கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். செத்துப்போன என் ஆயாவின் பேச்சு, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொருத்தர் வாயில்.

பேச்சு மாறாவிட்டாலும் கூழ் மாறிவிட்டது. தோட்டத்தில் கேழ்வரகுக்கு எங்கே போவார்கள்? ரேஷனில் அரிசி கொடுத்தார்கள். அரிசிக்குப் பதில் சில நாள் மீலி மீல். மீலி என்றால் மக்காச்சோளம், மீலி மீல் அதன் மாவு. யுத்த காலத்தில் அரிசியே கிடைக்காமல் மீலியை நொய் மாதிரி உடைத்துப் பருப்பு ஊற்றிச் சாப்பிட்டதைப் பெரியம்மாவின் அம்மா சொல்லிச் சொல்லி அவருக்கு அது தானே சாப்பிட்டது போல ஆகிவிட்டது. அப்படித்தான் மாரியம்மனும் மக்காச்சோளக் கூழுக்குப் பழகிக்கொண்டாள். இப்போது ஊரே அதை 'போரிட்ஜ் பிரேயர்', அதாவது கூழ் வழிபாடு, என்கிறது. மீலி மீல் கூழ், அதில் புளித்த பால், வெங்காயம், பச்சை மிளகாய், பக்கத்தில் கீரையும் பூசணிக்காயும். வேப்பிலை கிடைக்காத வீட்டில் மலைவேம்பு இலை. ஆத்தா கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

போன ஆடியில் இந்தக் கூழ்தான் பஞ்சாயத்துக்கு வந்தது.

ஆரம்பித்து வைத்தது பெரியம்மாவின் பேத்தி. பதினாறு வயது, ஆங்கிலத்தில் படிக்கிறவள், தமிழ் புரியும், பேச வராது. மாவு மூட்டையைப் பிரிக்கச் சொன்னால் மூட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். சத்துப் பட்டியலுக்குக் கீழே, தையலோரம், எறும்பு சைஸில் ஒரு வரி: மரபணு மாற்று முறையில் தயாரிக்கப்பட்டது. சத்தமாகப் படித்துவிட்டாள்.

"அப்படின்னா இன்னா?" என்றார் பெரியம்மா என்னைப் பார்த்து. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் சாப்பாட்டைப் பற்றிய சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும்.

"விதையில வேற ஒரு உயிரோட குணத்தை எடுத்துச் சேர்த்திருக்காங்க பெரியம்மா. பூச்சி விழாம இருக்க."

"எந்த உயிரு?"

"மண்ணுல இருக்கிற ஒரு கிருமி."

துடுப்பைக் கீழே வைத்தார். "கிருமியா? எத்தினி வருஷமா?"

"இருபது வருஷத்துக்கு மேல."

"இருபது வருஷமா ஆத்தாவுக்கு இத வச்சிப் படைச்சிருக்கேன். ஒருத்தன் சொல்லல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. கிருமி என்ற சொல்லை விட்டது தப்பு என்று என்னையே நொந்துகொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கம் சொல்லக் கிளம்பினேன். படித்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

தென்னாப்பிரிக்காவின் கதை ஊரில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கே மரபணு மாற்றுப் பயிர்களுக்கான சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. முதலில் பி.டி. பருத்தி (பி.டி. என்பது அந்த மண் கிருமியின் பெயர்ச் சுருக்கம்), பிறகு கால்நடைத் தீவனத்துக்கான மஞ்சள் மக்காச்சோளம், 2001-இல் வெள்ளை மக்காச்சோளம். இனி சோளம் என்று நான் சொல்வதெல்லாம் மக்காச்சோளம்தான். வெள்ளைச் சோளம் என்றால் இந்த நாட்டின் சோறு. ஜூலு வீட்டில் பூத்து, மற்ற வீடுகளில் பாப், நம் வீட்டில் கூழ். ஒரு நாட்டின் அன்றாடச் சாப்பாடே மரபணு மாற்றுப் பயிராக ஆனது உலகத்தில் முதலில் இங்கேதான். இன்றைக்கு விளையும் சோளத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த விதை. ஊரில் பி.டி. கத்தரிக்காயை வைத்து நடந்த சண்டையை நினைத்துப் பாருங்கள். 2009-இல் நிபுணர் குழு அனுமதித்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மேடை போட்டு, விவசாயி, விஞ்ஞானி, வைத்தியர் எல்லோரையும் கத்தவிட்டுக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார். அவர் முடிவு சரியா தப்பா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அது கிடக்கட்டும். அங்கே கத்தரிக்காய் குழம்புக்கு வருவதற்கு முன்னால் சண்டை நடந்தது. இங்கே சோளம் வயிற்றுக்குள் போய்ப் பத்து வருஷம் கழித்துத்தான் மூட்டையில் எழுத வேண்டும் என்ற விதியே வந்தது. 2011 ஏப்ரல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எழுத வேண்டும். எழுதியும் இருக்கிறார்கள், எறும்பு சைஸில்.

(ஊர்க்காரர்கள் ரொம்ப நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 2002-இலிருந்து பி.டி. பருத்தி பயிராகிறது. பருத்திக்கொட்டை எண்ணெய் எந்தப் பலகாரத்தில் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.)

பேத்தி விஷயத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவில் கமிட்டிக் கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு. அதற்கு முந்தைய அக்டோபரில்தான், 2024-இல், புளூம்ஃபான்டைனில் இருக்கும் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வறட்சி தாங்கும் ஒரு மரபணு மாற்றுச் சோளத்துக்கு 2015-இல் அரசு கொடுத்த அனுமதியை ரத்து செய்திருந்தது. ஆப்பிரிக்க பல்லுயிர் மையம் என்ற அமைப்பு வருஷக்கணக்காக நடத்திய வழக்கு. அதைச் செய்தியில் பார்த்திருந்த ஒரு அங்கிள், "கோர்ட்டே விஷம்னு சொல்லிட்டான்" என்றார். கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தவர்கள் எதிர்த்தரப்பு நிபுணர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், முன்னெச்சரிக்கை பார்க்காமல் முத்திரை குத்திவிட்டார்கள் என்பதுதான் சாரம். அது வேறு குற்றம். ஆனால் கூட்டத்தில் 'வேறு குற்றம்' என்று ஆரம்பித்தால் யார் கேட்கிறார்கள்?

இன்னொருவர் போனில் எலிப் படம் காட்டினார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிங்பாங் பந்து மாதிரிக் கட்டிகளோடு வெள்ளை எலிகள். 2012-இல் பிரான்ஸில் செராலினி என்பவரின் குழு வெளியிட்டது. 200 எலிகளுக்கு இரண்டு வருஷம் களைக்கொல்லி தாங்கும் சோளத்தையும் களைக்கொல்லியையும் கொடுத்துப் பார்த்தார்கள். நமக்குச் சம்பந்தமில்லை என்று தள்ள முடியாது, அந்தச் சோளம் இங்கேயும் பயிராகிறது. ஆனால் எடுத்துக்கொண்ட எலி இனம் இரண்டு வருஷம் வாழ்ந்தாலே, என்ன தின்றாலும், கட்டி வருகிற இனம். ஒரு பிரிவுக்குப் பத்தே எலி. பத்தில் மூன்றா ஐந்தா என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. வெளியிட்ட பத்திரிகையே 2013-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அடுத்த வருஷம் அவர்கள் வேறு இடத்தில் மறுபடி போட்டார்கள். படம் மட்டும் சாகாமல் சுற்றுகிறது.

இதையெல்லாம் சொன்னேன். ஒரு பாதி தலையாட்டியது. மறுபாதி நான் விதைக் கம்பெனிக்காரி என்று முடிவு கட்டியது.

அந்த மறுபாதியின் சந்தேகம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுமதிக்காகத் தரப்படும் உணவுப் பரிசோதனைகள் பெரும்பாலும் 90 நாள் எலிச் சோதனைகள். அவற்றைச் செய்து தருவது விற்கிற கம்பெனி. தப்பும் நடந்திருக்கிறது. 2000-இல் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் சோளம் மனிதர் தின்னும் டாக்கோ என்கிற மெக்சிகோ பலகாரத்தின் ஓட்டில் கண்டுபிடிக்கப்பட்டுக் கடைகளிலிருந்து வாரி எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, பிரேசில் கொட்டையின் மரபணுவைப் போட்ட சோயாவில் ஒவ்வாமை தருகிற புரதமும் கூடவே வந்துவிட்டது தெரிந்து, கடைக்கு வராமலே அதைக் கைவிட்டார்கள். 1996-இல் அது கட்டுரையாகவும் வந்தது. அந்த ஒன்றில் சோதனை வேலை செய்தது. ஆக, சோதனை வேண்டும் என்பதில் சண்டை இல்லை. யார் செய்வது, யார் பார்ப்பது என்பதில்தான். இத்தனைக்குப் பிறகும், அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, கடையில் இருக்கும் மரபணு மாற்று உணவால் மற்ற உணவைவிட உடம்புக்கு அதிக ஆபத்து என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான். என் குழந்தைக்கும் இதே மாவில்தான் கஞ்சி காய்ச்சினேன்.

பெரியம்மாவிடம் ஆய்வும் அறிக்கையும் செல்லாது. அவர் கேள்வி நேராக இருந்தது. "பூச்சி தின்னா சாவுதுன்னு சொல்ற. மனுசன் தின்னா?"

"வேப்பெண்ணெய் தெளிச்சா பூச்சி சாவுது இல்ல பெரியம்மா? நாம வேப்பம்பூ ரசம் வச்சிக் குடிக்கலையா?"

யோசித்தார். அதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது. உவமை அவ்வளவு கச்சிதம் இல்லை, ஆனால் வழி அதுதான். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற அந்த மண் பாக்டீரியா செய்யும் புரதம், புழுவின் வயிற்றில் இருக்கும் காரத்தில் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்றே இருக்கும் ஒரு கொக்கியில் மாட்டி ஓட்டை போடும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்தக் கொக்கியும் கிடையாது. மற்ற புரதத்தைப் போல அதுவும் செரித்துப் போகும். இயற்கை விவசாயிகளே அந்த பாக்டீரியாவைப் பல பத்தாண்டுகளாகச் செடியில் தெளிக்கிறார்கள். களைக்கொல்லி தாங்கும் ரகத்தின் கதை வேறு. அங்கே பயிரைவிட அதன்மேல் அடிக்கிற மருந்தைப் பற்றித்தான் பேச வேண்டும். 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லியை 'அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்ததும், வேறு பல கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளாததும் தனி வழக்கு.

அப்புறம் எனக்கே ஆசை வந்துவிட்டது. மூட்டையில் ஒரு கைப்பிடி மாவை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் கேட்டுவிட்டு வேலை நேரம் முடிந்தபிறகு உட்கார்ந்தேன். மாவை ரசாயனக் கரைசலில் கரைத்து, 65 டிகிரிச் சூட்டில் வைத்து, சுழற்றி, வடித்து, ஆல்கஹால் விட்டால் கடைசியில் குழாயின் அடியில் உப்புக்கல் அளவு வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சோளத்தின் டி.என்.ஏ. அதை, டி.என்.ஏ-வைச் சுற்றுச் சுற்றாக நகல் எடுத்துப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர் கருவியில் வைத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, நீ சோளமா? இரண்டு, உன்னிடம் 35எஸ் இருக்கிறதா? 35எஸ் என்பது காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த சின்னத் துண்டு. செருகிய மரபணுவை வேலை செய்ய வைக்கும் சுவிட்ச். கமிட்டியில் சிலர் 'வைரஸ் கலக்கிறான்' என்றும் கத்தினார்கள், அது இதுதான். அந்த வைரஸ் பிடித்த கோஸையும் காலிஃபிளவரையும் மனுஷன் எத்தனையோ காலமாகக் கூட்டுப் பண்ணித் தின்கிறான்.

திரையில் முதல் கோடு எழுந்தது, சோளம். இரண்டே சுற்று தள்ளி இரண்டாவது கோடும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. கொஞ்சநஞ்சக் கலப்பில் அப்படி எழாது. தெரிந்த விஷயம்தான், மூட்டையிலேயே போட்டிருந்ததுதான். இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மனுக்கு வைக்கும் கூழை இப்படிப் பிரித்துப் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் கமிட்டியில் ஒரு அங்கிள் முடிவே எடுத்துவிட்டார். வெருலம் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவர் நாட்டு விதை போட்டு, மருந்தடிக்காமல் விளைவித்து, கொட்டகையில் போட்டு வைத்த வெள்ளைச் சோளம். இரண்டு மூட்டை சொந்தக் காசில் வாங்கி, வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். "இதான் சுத்தம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மூட்டையைப் பிரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கதிரோடு இருந்தது. முதல் கதிரில் நுனியிலிருந்து நடுவரை புழு போன தடம், தூள் தூளாகக் கழிவு. அந்தத் தடத்தை ஒட்டி வெளிர் ரோஜா நிறத்தில் பஞ்சு போலப் பூசணம். பூசணம் தெரியாத மணிகளிலும் உச்சியிலிருந்து சூரியக் கதிர் போல வெள்ளைக் கீற்றுகள். பத்துக் கதிரை எடுத்து வரிசையாக வைத்தேன். நான்கில் இதே கோலம்.

இது ஃபியுசேரியம் என்கிற பூஞ்சை. அதன் விஷத்துக்கு ஃபியுமோனிசின் என்று பெயர். அந்த விஷத்தைக் கண்டுபிடித்ததே இந்த நாட்டில்தான், 1988-இல், கேப் டவுன் பக்கத்து டைகர்பெர்க்கில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். பழைய டிரான்ஸ்கேய் (இன்றைய கிழக்கு கேப் மாகாணத்தின் ஒரு பகுதி) கிராமங்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏன் இவ்வளவு என்று தேடிப் போனவர்கள் கையில் சிக்கியது. அங்கே ஜனங்கள் சொந்தக் காட்டில் விளைந்த சோளத்தை மூன்று வேளையும் தின்பவர்கள். நல்ல கதிர் சாப்பாட்டுக்கு, பூசணக் கதிர் பீர் காய்ச்ச. புற்றுநோய்க்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் குதிரை தின்றால் மூளை கரைந்து சாகிறது, பன்றி தின்றால் நுரையீரலில் நீர் கோத்துச் சாகிறது. கருவின் முதுகுத்தண்டு சரியாக மூடத் தேவையான ஃபோலிக் அமிலம் கர்ப்பிணி உடம்பில் சேர்வதைக் கெடுக்கிறது என்ற வலுவான சந்தேகமும் உண்டு. புளிக்க வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் பெரும்பகுதி போகாது. 2016-இலிருந்து இங்கே சோள மணிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், மாவுக்கு 2 என்று வரம்பு இருக்கிறது.

இதில்தான் கதை சிக்கலாகிறது. பூஞ்சை புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகிறது. புழு விழாத பி.டி. சோளத்தில் ஃபியுமோனிசின் குறைவு என்று அமெரிக்காவின் அயோவாவில் 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். கமிட்டி விஷம் என்று ஒதுக்கிய மாவில் இந்த விஷம் குறைவாக இருக்கத்தான் வாய்ப்பு. சுத்தம் என்று இறக்கிய மூட்டையில் அது கண்ணுக்கே தெரிந்தது.

அதை அந்த அங்கிளிடம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நல்ல மனுஷர். "அப்போ எங்க தாத்தா காலத்துல எல்லாம் செத்தா போனாங்க?" என்றார். செத்தவர்களும் உண்டு அங்கிள், எதனால் என்று எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சோதனைக்கு அனுப்பினேன். மணியாக உதிர்த்துக் கலந்த மாதிரியில் வரம்பைவிட இரண்டு மடங்குக்குமேல் வந்தது. காகிதத்தைக் காட்டியபோது அவர் அதைப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாட்டு விதை என்றாலே இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சோளம் சரியாகக் காயாமல், காற்றுப் போகாத கொட்டகையில் கிடந்தது. கெட்ட மணியைக் கையால் பொறுக்கி, கழுவினாலே பெரும்பகுதி விஷம் போய்விடும் என்று கிழக்கு கேப் கிராமங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். முறத்தில் போட்டுப் புடைத்துப் பொறுக்குகிற வேலைதான். நம் ஆயாமார்கள் செய்ததுதான். அதோடு பி.டி.யும் சாசுவதம் இல்லை. இங்கத்திய தண்டுத் துளைப்பான் பத்தே வருஷத்தில் அதைத் தாங்கக் கற்றுக்கொண்டது, 2007-இலேயே அது அறிவிக்கப்பட்டது. கம்பெனிகள் இரண்டு புரதம் வைத்த புதிய விதையோடு வந்தன. கூடவே விலையும் வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் ஊர் மக்காத்தினி சமவெளிப் பக்கம். 1998-இலிருந்து சிறு விவசாயிகள் பி.டி. பருத்தி போட்டு, 'ஆப்பிரிக்காவின் வெற்றிக் கதை' என்று உலகமெல்லாம் படம் பிடிக்கப்பட்ட ஊர். சில வருஷத்தில் கடன் கொடுத்தவர்கள் கையை விரித்ததும் பருத்தியும் போயிற்று, படம் பிடித்தவர்களும் போனார்கள். "விதை நன்றாகத்தான் இருந்தது. எங்கப்பாவிடம் பணம்தான் இல்லை" என்பாள். உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்ற ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கத்துவதில் இந்தக் கேள்விகளெல்லாம் யார் காதிலும் விழாமல் போகின்றன. கம்பெனிகளுக்கு அது சௌகரியம் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள், பெரியம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கமிட்டி பழையபடி கடை மாவுக்கே வந்துவிட்டது. அவர் சமாதானமாகவில்லை என்பது உரிக்கிற வேகத்திலேயே தெரிந்தது.

"நான்தான் சொன்னேனே பெரியம்மா, பயமில்ல."

"பயம்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

அப்போதுதான் அந்த முதல் நாள் வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருத்தன் சொல்லல.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத முயல்கிறேன். "எங்கள எங்க கொண்டாந்து விட்டானுங்களோ அங்க இருந்தோம். எதக் குடுத்தானுங்களோ அதத் தின்னோம். அரிசி இல்ல, மீலிய தின்னுன்னான், தின்னோம். வீட்ட காலி பண்ணு, சாட்ஸ்வொர்த்துக்குப் போன்னான், வந்தோம். இப்ப எல்லாம் மாறிப்போச்சி, ஓட்டு எல்லாம் போடுறோம். இன்னும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம என் அண்டாவுல கைய வைக்கிறான்."

நான் மறுத்துப் பேச ஒரு விஷயம் கைவசம் இருந்தது. 2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டு மீலி மீலில் வைட்டமின் ஏ, இரும்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் கலந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதற்கும் யாரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப்பின் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அது மூட்டையில எப்படிப் போட்டிருக்கு?" என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். முன்பக்கம், நடுவில், கொட்டை எழுத்தில், சத்துகள் சேர்க்கப்பட்டது என்று முத்திரையே குத்தியிருந்தது.

"பார்த்தியா? அவனுக்குப் பெருமையா இருந்தா முன்னாடி போடுறான்."

நான் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக உணவு மூட்டைகளின் லேபிள்களைச் சரிபார்க்கிறவள் நான்.

மறுநாள் காலை கூழ் இறக்கியாயிற்று. படையல் வைத்து, கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் பெரியம்மா அண்டா எதிரில் போய் நின்றார். வழக்கமாக அவர் மனசுக்குள் வேண்டுகிறவர். அன்றைக்கு வாய்விட்டே சொன்னார். "ஆத்தா, இந்த மீலியில மண்ணுக் கிருமியோட குணத்தச் சேத்திருக்காங்களாம். பூச்சி விழாம இருக்க. நம்ம பொண்ணு மெஷின்ல வச்சிப் பார்த்துச்சி, இருக்குதாம். கெடுதல் இல்லன்னு சொல்லுது. முன்னாடியே சொல்லாதது என் தப்பு இல்ல, எனக்கே தெரியாது. இப்ப சொல்லிட்டேன். நீ பாத்துக்க." பூசாரி தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பூசண மூட்டை இரண்டும் கோவில் பின்புறம் தார்ப்பாய் போட்டுக் கிடந்தன. கோழிக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டார், பீர் காய்ச்ச எடுத்துக்கொள்கிறேன் என்று இன்னொருவர் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு பேரையும் விரட்டி, தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னேன். மூட்டை வாங்கி வந்த அங்கிள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வரிசையில் நின்று கூழ் வாங்கினார். இரண்டாவது தரமும் சொம்பை நீட்டினார். நான்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடியில் இருந்த கெட்டிக் கூழாகப் பார்த்து ஊற்றினேன். "மிளகாய் கம்மி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.